மாட்சா தேநீரும் நம் உறக்கமும்

இடுப்பெலும்பு முறிவுக்காக அனுமதிக்கப்பட்டிருந்த மாமியாருக்கு இரவெல்லாம் உடனிருந்து பணிவிடை செய்துவந்த நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர், தமக்குச் சில வாரங்களாகவே உறக்கம் வரவில்லை என்று எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். பகலில் கைகால் அசந்துபோகிறது, இரவில் படுத்தால் கண் மூடுகிறதே தவிர மனம் ஓய மறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். இரவில் காபி, டீ அருந்துவதுண்டா என்று வினவினோம். மாலை நான்கு மணிக்குப் பிறகு அவற்றைத் தொடுவதே இல்லை என்றார். அந்த விடையை அப்படியே குறித்துக்கொண்டோம். மருத்துவமனைச் சூழலும் மனக்கவலையுமே காரணமாக இருக்கும் என்று கருதி, குறைந்த அளவில் உறக்க மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். மாத்திரை போட்டால் பின்னிரவில் சற்றே கண் அயர்கிறது. காலையில் தலை கனக்கிறது. அசதி மட்டும் குறையவே இல்லை. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம். நாடித்துடிப்பு சற்று விரைவாக இருந்ததைத் தவிர வேறு குறை தென்படவில்லை.

மூன்றாம் முறை அவர் வந்தபோது, எங்களுடன் இருந்த இளம் மருத்துவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: “இரவில் மாமியாருக்காக விழித்திருக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?” பெண்மணி தம் பையிலிருந்து சிறு தகர டப்பா ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். ஜப்பானில் பணிபுரியும் மகன் வாங்கிவந்த மாட்சாப் பொடி அது. இரவுச் சாப்பாடு முடிந்து எட்டு மணிவாக்கில், குவித்து ஒரு தேக்கரண்டி போட்டு வெந்நீரில் கலக்கி அருந்தினால் தெம்பாக இருக்கிறது என்றார். “இது காபி இல்லையே டாக்டர், பச்சிலைப் பொடிதானே?”

பிழை அவருடையதன்று. காபியா, டீயா என்று கேட்டவர்கள் நாங்கள். கேட்ட கேள்விக்கு அவர் உண்மையாகவே விடை சொன்னார். இன்று பெருநகரக் கடைகளில் மட்டுமின்றிச் சிற்றூர்களுக்கும் இணையவழி வந்துசேரும் இந்தப் பச்சைப் பொடியைப் பற்றி, ‘தூக்கத்தைக் கெடுக்காது’, ‘காபியைப் போல் படபடப்புத் தராது’, ‘நாள் முழுதும் சக்தி தரும்’ என்றெல்லாம் சொல்லப்படுகிறது. இவற்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் அப்பெண்மணியை இரு மாத காலம் அலைக்கழித்தது. ஆகவே இவ்விதழில் மாட்சாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மாட்சா என்பது ஏதோ ஒரு புதிய மூலிகையன்று. நீலகிரியிலும் வால்பாறையிலும் விளையும் அதே தேயிலைச் செடியின் இலைதான். வளர்க்கும் முறையும் பதப்படுத்தும் முறையுமே வேறு. ஜப்பானில் கியோத்தோ நகரை அடுத்த ஊஜி, ஐச்சி மாநிலத்தின் நிஷியோ முதலிய இடங்களில், வசந்தகாலத்தில் துளிர்விடும் தேயிலைச் செடிகளை அறுவடைக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரத்திற்கு வெயில் படாமல் மூடிவைக்கிறார்கள். முற்காலத்தில் நாணல் தட்டிகளும் வைக்கோலும் பரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைகள். நிழலில் வளரும் இலை, கிடைக்கும் சிறு ஒளியையும் விடாது பற்றிக்கொள்வதற்காகப் பச்சையத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. பறித்த இலைகளை உடனே ஆவியில் காட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிவிட்டு, கல் எந்திரத்தில் மாவாக அரைக்கிறார்கள். ஒரு கல் எந்திரம் ஒரு மணி நேரம் சுழன்றால் கிடைப்பது 40 கிராம் அளவுக்கே. விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்கு வேண்டிய செய்தி இந்தச் செய்முறையின் கடைசிப் படியில் இருக்கிறது. நாம் வழக்கமாக டீ போடும்போது தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டிச் சக்கையை எறிந்துவிடுகிறோம். மாட்சாவில் சக்கை என்பதே இல்லை. இலை முழுவதையும் அரைத்து நீரில் கலக்கிக் குடித்துவிடுகிறோம். இலையில் நல்லது எதுவாயினும் முழுமையாக உள்ளே போகிறது. காஃபீனும் அவ்வாறே போகிறது.

காஃபீன் காபிக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெயரும் அப்படி அமைந்துவிட்டது. 1819ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலர் ரூங்கே காபிக்கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகள் கழித்துத் தேயிலையில் ஒரு பொருளைக் கண்டவர்கள் அது வேறொன்று எனக் கருதி ‘தீயின்’ என்று தனிப்பெயர் சூட்டினார்கள். 1838இல் இரண்டும் ஒன்றே என்று நிறுவப்பட்டது. எனவே டீயில் இருப்பது ‘மென்மையான’ காஃபீன், காபியில் இருப்பது ‘கடுமையான’ காஃபீன் என்ற பேதம் கிடையாது. அளவும், உடன் சேர்ந்திருக்கும் பிற பொருள்களும் மட்டுமே வேறு.

அளவைப் பார்ப்போம். ஒரு கிராம் மாட்சாவில் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கிறது. ஜப்பானியர் மூங்கில் கரண்டியால் இரண்டு முறை அள்ளி, ஏறத்தாழ 2 கிராம் பொடியைச் சிறிது வெந்நீரில் நுரைக்க அடித்து அருந்துவார்கள். அதில் 40 முதல் 80 மில்லிகிராம் வரை காஃபீன் சேரும். நம் வீட்டில் ஒரு குவளை டீயில் இருப்பதற்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும். திடமான டிகாக்ஷனில் போட்ட காபிக்கு அருகிலும் வந்துவிடும். நம் வீட்டுத் தேக்கரண்டியில் குவித்து எடுத்தால் அது 3 கிராமுக்கும் மேலே போய்விடும். கடைகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பெரிய குவளையில் தரும் பானத்தில் எவ்வளவு பொடி இட்டார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அப்பெண்மணி கரண்டியில் அள்ளிய அளவை எங்கள் மருந்தகத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 4 கிராம் இருந்தது. காபியை மாலை நான்கு மணியோடு நிறுத்தியவர், எட்டு மணிக்கு ஒரு டம்ளர் காபிக்கு மேற்பட்ட காஃபீனைப் பருகிக்கொண்டிருந்திருக்கிறார்.

காஃபீன் சக்தி தருகிறதா? தருவதில்லை. நாம் விழித்திருந்து மூளையை இயக்கிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம், அடினோசின் என்னும் பொருள் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. நரம்பணுக்களின்மேல் அதற்கென ஏற்பிகள், அதாவது வந்து அமரும் இருக்கைகள் உள்ளன. அடினோசின் அவற்றில் அமர அமர நமக்கு அயர்வும் உறக்கமும் மேலிடும். காஃபீனின் உருவம் அடினோசினை ஒத்திருப்பதால் அது முந்திச் சென்று அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல. ஏறிவந்த அடினோசின் உட்கார இடமின்றி நடைபாதையில் நின்றுகொண்டிருக்கிறது. நமக்கோ அயர்வு தெரிவதில்லை. கல்லீரல் காஃபீனைக் கரைத்து முடித்து, துண்டு எடுக்கப்பட்டவுடன், நின்றிருந்த கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் அமர்கிறது. காபி அருந்திய சில மணி நேரத்தில் சிலருக்குத் திடீரென்று உடல் துவண்டுபோவதன் காரணம் இதுவே. களைப்பு தீரவில்லை, களைப்பின் குரல் சற்று நேரம் நம் காதில் விழாமல் போயிற்று, அவ்வளவுதான்.

இங்கே மாட்சாவின் நல்ல பக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. தேயிலையில் தியானைன் என்னும் அமினோ அமிலம் உண்டு. உணவுப் பொருள்களில் தேயிலையைத் தவிர வேறெதிலும் அதைக் காண்பது அரிது. வெயில் பட்டால் இலையிலுள்ள தியானைன், துவர்ப்பைத் தரும் கேட்டகின்களாக மாறிவிடும். நிழலில் வளர்ந்த இலையில் அது மாறாமல் தங்குகிறது. மாட்சாவின் இனிய வழவழப்பான சுவைக்கு அதுவே காரணம். தியானைனைத் தனியே கொடுத்து நடந்த ஆய்வுகளில், அமைதியான விழிப்பின்போது தோன்றும் ஆல்பா மூளையலைகள் கூடுவது காணப்பட்டிருக்கிறது. காஃபீனோடு சேர்த்துக் கொடுத்தபோது கவனம் சிதறாமல் நின்றதாகவும் சில ஆய்வுகள் கூறுகின்றன. மாட்சா அருந்துவோர் பலர் ‘விழிப்பாக இருக்கிறேன், ஆனால் பரபரப்பு இல்லை’ என்று சொல்வது வெறும் கற்பனையன்று.

ஆயினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. அந்த ஆய்வுகள் பலவற்றில் கொடுக்கப்பட்ட தியானைன் 200 மில்லிகிராம் அளவு. ஒரு குவளை மாட்சாவில் பெரும்பாலும் அதன் ஒரு பகுதியே இருக்கும். ஜப்பானின் ஷிசுவோக்கா ஆய்வாளர்கள் 2018இல் சந்தையிலிருந்த மாட்சாப் பொடிகளைச் சோதித்து, மன அழுத்தத்தைத் தணிக்கத் தேவையான அளவு தியானைனும், அதை மீறாத காஃபீனும் எத்தனை பொடிகளில் உள்ளன என்று பார்த்தார்கள். ஜப்பானில் விற்றவற்றிலேயே பாதிக்கும் குறைவானவைதாம் தேறின. வெளிநாடுகளில் விற்றவற்றில் ஏறத்தாழ எதுவுமே தேறவில்லை. இனிப்பு கலந்த மலிவுப் பொட்டலங்களை நாம் வாங்கும்போது இதை நினைவில் கொள்ளுதல் நலம். இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. தியானைன் படபடப்பை ஓரளவு மறைக்கலாம். ஆனால் காஃபீன் பிடித்துவைத்திருக்கும் இருக்கைகளை அது காலி செய்துவிடுவதில்லை. படபடப்பு இல்லாததால் உறக்கத்திற்குக் கேடில்லை என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

சொல்லப்போனால், இப்பொடியின் வரலாறே விழித்திருப்பதற்கான வரலாறு. சீனாவில் பயின்று 1191இல் நாடு திரும்பிய எய்சாய் என்னும் பௌத்தத் துறவி, பொடித்தேயிலை அருந்தும் வழக்கத்தை ஜப்பானில் பரப்பினார். தேநீரின் மருத்துவப் பயன்களைப் பற்றி 1211இல் ஒரு நூலும் எழுதினார். ஜென் மடங்களில் துறவிகள் நெடுநேரத் தியானத்தில் கண்ணயராதிருக்க அதை அருந்தினார்கள். அமைதியும் விழிப்பும் ஒருங்கே வேண்டியவர்களுக்கு அது பொருத்தமான பானம். படுக்கைக்குப் போகவேண்டியவர்களுக்காக அதை யாரும் உருவாக்கவில்லை.

அருந்திய காஃபீன் எவ்வளவு நேரம் உடலில் தங்குகிறது? பெரும்பாலான பெரியவர்களில், உள்ளே போனதில் பாதி கரைவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரமாகும். இரவு எட்டு மணிக்கு 120 மில்லிகிராம் சென்றதாகக் கொள்வோம். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு 60 எஞ்சியிருக்கும். அதாவது ஒரு குவளை டீ அருந்திவிட்டுப் படுத்ததற்கு ஒப்பாகும். விடியற்காலை ஆறு மணிக்கும் 30 எஞ்சியிருக்கும். இந்த ஐந்து மணி என்பது சராசரிக் கணக்கே. ஆளுக்கு ஆள் 2 மணியிலிருந்து 10 மணி வரை மாறும். புகைபிடிப்பவர் உடலில் காஃபீன் விரைவில் கரையும். அவர்கள் மருத்துவமனையில் புகையை நிறுத்தியவுடன், வழக்கமாக அருந்தும் அதே காபி திடீரென்று உறக்கத்தைக் கெடுக்கத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். கருத்தடை மாத்திரை உட்கொள்வோரில் அது இருமடங்கு நேரம் தங்கும். கருவுற்ற பெண்களின் கடைசி மாதங்களில் பாதி கரையவே 15 மணி நேரம் வரை ஆகலாம். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களிலும் நெடுநேரம் தங்கும். சிப்ரோபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும், மனநோய்க்குத் தரப்படும் புளூவாக்சமின் என்னும் மருந்தும் காஃபீனைக் கரைக்கும் நொதியைத் தடுத்துவிடும். ‘நான் இருபது வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்யாது’ என்பவர் உடல்நிலை மாறியபோதும் அது செல்லும் என்று நினைக்கக்கூடாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. 400 மில்லிகிராம் காஃபீனைப் படுக்கும் நேரத்திலும், மூன்று மணி நேரத்திற்கு முன்பும், ஆறு மணி நேரத்திற்கு முன்பும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்திற்கு முன் உட்கொண்டபோதும் உறக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைந்தது. அளவு பெரிதுதான், மூன்று நான்கு காபிக்குச் சமம். ஆயினும் அதில் கவனிக்கவேண்டியது வேறு. தங்கள் உறக்கம் அந்த அளவுக்குக் குறைந்ததை ஆறு மணி நேரத்திற்கு முன் உட்கொண்டவர்கள் தாங்களாகச் சரிவர உணரவில்லை, கருவிதான் காட்டியது. 2015இல் கொலராடோ ஆய்வாளர்கள் மற்றொன்றைக் காட்டினார்கள். படுக்கைக்கு மூன்று மணி நேரத்திற்கு முன் அருந்திய காஃபீன், உறக்கத்திற்கு நேரம் குறிக்கும் மெலட்டோனின் சுரப்பையே ஏறத்தாழ 40 நிமிடம் பின்னுக்குத் தள்ளிற்று. உடலின் கடிகாரத்தையே அது திருப்பிவைக்கிறது என்று பொருள். காஃபீன் உறங்கத் தொடங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவதோடு நில்லாமல், ஆழ்ந்த உறக்கத்தின் பகுதியையும் குறைக்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் எழுந்தபோது தெளிவில்லாமல் இருப்பவர், முந்திய நாள் பிற்பகலில் என்ன அருந்தினார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் காலையில் மீண்டும் ஒரு குவளையைத் தேடுவார். மாலையில் இன்னொன்றைத் தேடுவார். கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்குவது போன்றது இது.

இனி அப்பெண்மணியின் அசதிக்கு வருவோம். மாட்சாவை மட்டும் நிறுத்தச் சொல்லி அனுப்பியிருந்தால் நாங்கள் இரண்டாம் முறையும் தவறியிருப்போம். அவர் தெம்புக்காகத்தான் அதை நாடினார். தெம்பு ஏன் குறைந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினோம். ஹீமோகுளோபின் 8.9 கிராம். மாதவிலக்கில் மிகுதியான இரத்தப்போக்கு ஓராண்டாக இருந்துவந்திருக்கிறது. ஊரிலுள்ள மருத்துவர் அதற்காக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். அதைத் தவறாமல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கியும் வந்தார். விழுங்கிய கையோடு, எட்டு மணிக்கு மாட்சா.

தேயிலையிலுள்ள கேட்டகின் முதலிய துவர்ப்புப் பொருள்கள், கீரை, பயறு, மாத்திரை ஆகியவற்றிலிருந்து வரும் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன, உடலில் சேரவிடுவதில்லை. இது மாட்சாவுக்கு மட்டுமன்று, நம் வீட்டுக் காபி, டீக்கும் பொருந்தும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 53.4 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். சாப்பிட்டவுடன் ஒரு டீ என்னும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது, இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடும்படி நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

அசதி என்பது இரத்தசோகையின் குரலாக இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டுக்கடங்காத சர்க்கரை, சிறுநீரக நோய், இதயச் செயல்பாட்டுக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை நோய், மனச்சோர்வு என வேறு பலவற்றின் குரலாகவும் இருக்கலாம். இவற்றுள் எதையும் மாட்சா தீர்ப்பதில்லை. எல்லாவற்றையும் சில மணி நேரம் மறைக்க வல்லது. இரண்டு மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் அசதிக்கு மருத்துவரை நாடுங்கள். புத்துணர்வுப் பானங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மருந்து உட்கொள்வோர் சிலருக்குத் தனியாக ஒரு சொல். இதய வால்வு மாற்றியவர்களும் இரத்தக்கட்டு ஏற்பட்டவர்களும் வார்பரின், அசெனோகுமரால் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை உட்கொள்கிறார்கள். இவை வைட்டமின் கே சத்துக்கு எதிராக வேலை செய்பவை. வடிகட்டிய கிரீன் டீயில் அந்தச் சத்து மிகக் குறைவு. ஏனெனில் அது நீரில் கரையாது, இலையிலேயே தங்கிவிடும். மாட்சாவில் இலையையே விழுங்குவதால் 2 கிராமுக்கு ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. திடீரென்று தொடங்குவதும் திடீரென்று நிறுத்துவதும் ஐ.என்.ஆர். அளவைக் குலைக்கக்கூடும். அருந்த விரும்பினால் எங்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளலாம். கிரீன் டீ ஒரு மருந்தை எவ்வளவு தூரம் முடக்கக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: நாடலால் என்னும் இரத்தஅழுத்த மருந்தை கிரீன் டீயோடு உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்ததை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். எல்லா மருந்துக்கும் இப்படி நேர்வதில்லை. ஆனாலும் எந்த மாத்திரையையும் வெறும் தண்ணீரில் விழுங்குவதே பாதுகாப்பானது; தைராய்டு மாத்திரைக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் உட்கொள்வோர், காஃபீனும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததென்பதை அறிந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கைநடுக்கமும் படபடப்பும் கூடும். கருவுற்றவர்கள் நாளொன்றுக்குக் காபி, டீ, மாட்சா எல்லாம் சேர்த்து 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டக்கூடாது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கே 400தான் வரம்பு. நீரிழிவு உள்ளவர்கள் கடையில் விற்கும் மாட்சாப் பால் பானத்தில் பச்சை நிறத்தைவிடச் சர்க்கரையையே கவனிக்க வேண்டும்.

நோயாளியுடன் இரவு தங்குவோரின் நிலை எங்களுக்குத் தெரியாததன்று. வார்டுக்கு வெளியே பெஞ்சிலும் தரையிலும் படுத்து, செவிலியர் கூப்பிடும் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பவர்களிடம் ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்று சொல்வது எளிது. விழித்தே ஆகவேண்டிய இரவுகளும் உண்டு. அத்தகைய நாளில் காஃபீன் அருந்துவது குற்றமன்று. ஆனால் அதைப் பணி தொடங்கும் முன்னிரவில் சிறு அளவில் அருந்துங்கள். நள்ளிரவுக்குப் பிறகு வேண்டாம். காலையில் மாற்று ஆள் வந்ததும் நீங்கள் உறங்கப் போகவேண்டும். அப்போது அது குறுக்கே நிற்கக்கூடாது. இரவு முழுதும் விழித்தவர், ஒரு குவளை மாட்சாவை நம்பி இருசக்கர வாகனத்தில் வீடு திரும்ப வேண்டாம். கண் மூடாததுபோல் தோன்றும். ஆனால் சில நொடிகள் மூளை தன்னையறியாமல் அயர்ந்துபோகும், சாலையில் அந்தச் சில நொடிகளே போதும். வார்டில் இருபது நிமிடம் கண்ணயர வாய்ப்புக் கிடைத்தால் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள், எழுப்புவார்கள்.

மாட்சா பிடித்திருக்கிறதென்றால் அதை விலக்க வேண்டியதில்லை. காலைச் சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரம் கழித்து, தட்டிய ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், சர்க்கரையின்றி அருந்தலாம். கொதிக்கும் நீர் ஊற்றினால் கசக்கும். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீர் போதும். நண்பகலுக்குப் பிறகு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே நாளுக்கு மூன்று, நான்கு முறை அருந்துபவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு நாள் தலைவலியும் எரிச்சலும் வரும். வாரத்திற்கு ஒரு குவளையாகக் குறைத்து வாருங்கள்.

அப்பெண்மணி இரவு மாட்சாவைக் காலைக்கு மாற்றினார். இரும்புச்சத்து மாத்திரையைக் காலை உணவுக்கு முன், எலுமிச்சைச் சாற்றோடு உட்கொள்ளத் தொடங்கினார். மாட்சாவுக்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரம் விட்டார். மகளிர் மருத்துவப் பிரிவில் இரத்தப்போக்குக்கும் மருத்துவம் நடந்தது. உறக்க மாத்திரையை மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.6. மாமியார் கைத்தடியோடு நடந்து வந்தார்; அவரை அழைத்துவந்த மருமகளை அடையாளம் காணவே எங்களுக்குச் சற்று நேரமாயிற்று.

உறக்கக் குறைபாட்டோடு வருவோர்க்கு எங்கள் பிரிவில் தரப்படும் படிவத்தில், ‘இரவில் காபி, டீ அருந்துவதுண்டா?’ என்றிருந்த வரியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது இருப்பது: ‘நேற்று நண்பகல் முதல் படுக்கும் வரை அருந்தியவை, உட்கொண்டவை அனைத்தையும் நேரத்தோடு எழுதுக.’ பெயர் தெரியாத பொடியோ பானமோ இருந்தால் டப்பாவையே கையோடு எடுத்துவாருங்கள்.